'ஈத்கா' ஹமீத் போற்றத்தக்கவனா? எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

கூழாங்கல்:

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'ஈத்கா' (ஈத் தொழுகைத் திடல், 1933) சிறுகதை பற்றி ஒரு கேள்வி. சிபிஎஸ்இ 11-ஆம் வகுப்பு இந்திப் பாடநூல் 'அந்த்ரா'வில் வந்த கதை. தமிழில் மொழிபெயர்ப்பாகப் படித்தவர்களும் நிறைய. இதை வைத்துக் கட்டுரை கேட்டாலும், வாசிப்பு வட்டத்தில் பேசச் சொன்னாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஹமீத் என்ற அந்த ஏழைச் சிறுவன் போற்றத்தக்கவனா? பதிலும் ஒரே அச்சில்தான் வருகிறது. "தன் ஆசைகளையெல்லாம் துறந்து பாட்டிக்கு இடுக்கி வாங்கினான், ஆகவே போற்றத்தக்கவன்."

படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து வயது ஹமீதுக்கு அப்பா காலராவில் போய்விட்டார், அம்மாவும் நோயில் போய்விட்டாள். பாட்டி அமீனா வளர்க்கிறாள். ஈத் அன்று கையில் 3 பைசாவோடு, காலில் ஒன்றும் இல்லாமல், ஊர்ப் பையன்களோடு 3 கோஸ் (பழைய தூர அளவு) நடந்து தொழுகைக்குப் போகிறான். தொழுகை முடிந்ததும் கடைவீதி. மற்றவர்கள் ராட்டினம் ஏறுகிறார்கள், மண்பொம்மை வாங்குகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுட்டுக்கொள்கிறதே என்று இவன் ஓர் இரும்பு இடுக்கி வாங்கிவருகிறான். பாட்டி முதலில் திட்டுகிறாள், பிறகு அழுகிறாள்.

நமக்கும் கண் கலங்குகிறது. ஆனால் கலங்கியதை வைத்தே "போற்றத்தக்கவன்" என்று எழுதிவிடலாமா? ஒரு பாத்திரத்தை இப்படி எடைபோட என்னென்ன பார்க்க வேண்டும்? கதையைக் கையில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:

அந்த அச்சுப் பதிலில் தகவல் பிழையே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

"ஆசைகளைத் துறந்து இடுக்கி வாங்கினான்" என்றால், இடுக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு ராட்டினத்தையும் பொம்மையையும் தவிர்த்தான் என்றுதானே அர்த்தம்? கதையில் அப்படி நடக்கவே இல்லை. வரிசையைப் பாருங்கள். முதலில் ராட்டினம்: ஒரு பைசாவுக்கு 25 சுற்று. மஹ்மூத், மோஹ்சின், நூரே, சம்மி ஏறுகிறார்கள். ஹமீத் தள்ளி நிற்கிறான். தன் கஜானாவில் மூன்றில் ஒரு பங்கை இத்தனை சின்னச் சுற்றுக்குக் கொடுக்க முடியாது என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். பாட்டி நினைப்பு இல்லை.

அடுத்து பொம்மைக்கடை. ஒவ்வொன்றும் 2 பைசா. கீழே விழுந்தால் தூளாகும், தண்ணீர் பட்டால் சாயம் போகும் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு ஒருபக்கம் இருக்க, கை தானாக நீள்கிறது. கொஞ்சம் தொட்டுப் பார்க்கத் தவிக்கிறான், பையன்கள் தரவில்லை. இங்கேயும் பாட்டி இல்லை. மூன்றாவது மிட்டாய்க்கடை. இங்கே கதைசொல்லியே குறுக்கே வந்து, பாவிக்கு மூன்று பைசா இருக்கிறதே, ஏதாவது வாங்கித் தின்றால் என்ன என்று கேட்கிறார். கதைசொல்லிக்கே காரணம் தெரியாத மாதிரி அந்த இடம் எழுதப்பட்டிருக்கிறது.

இடுக்கி மனத்தில் வருவது அதற்கும் பிறகு, இரும்புச் சாமான் கடை முன்னால் நின்றபோதுதான்.

ஆக இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன. முதல் மூன்று கடையிலும் நடந்தது, செலவழிக்கத் தயங்கியது. நான்காவது கடையில் நடந்தது, கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி "தியாகம்" என்று பெயர் வைப்பது அமீனா. அவளுக்கு அந்த உரிமை உண்டு, அவள் கடைவீதியில் இல்லை. நாம் இருந்தோம், பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

மேகலை_ப:

தாழ்வாரம் சொல்வது சரி. ஆனால் முதல் மூன்று கடையை அவ்வளவு சுலபமாகக் கழித்துவிட முடியுமா? அங்கே ஒரு பைசா போயிருந்தாலும் நான்காவது கடை நடந்திருக்காதே.

தாழ்வாரம்:

நடந்திருக்காது. ஆனால் அது விளைவு. போற்றுதலுக்குப் பார்க்க வேண்டியது அந்தந்த நேரத்தில் அவன் எதற்காக எதைச் செய்தான் என்பது. காசு தற்செயலாகப் பையில் தங்கியது என்பதற்காக அந்தத் தயக்கத்தையே பின்தேதியிட்டு அன்பாக மாற்றக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளை கடை முன்னால் தயங்குவது பழக்கம், சில சமயம் பயம். அதைக் குணம் என்று வாழ்த்தினால் வறுமையையே வாழ்த்துகிறோம்.

பழுப்புத்தாள்:

காசுக் கணக்கு தெரியாமல் இந்தக் கதையை எடைபோட முடியாது. பலர் சறுக்கும் இடமும் இதுதான்.

1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆக ரூபாய்க்கு 64 பைசா. "மூன்று பைசா" என்று படித்ததும் இன்றைய நூறு பைசாக் கணக்கில் நினைத்து "ஒன்றுமில்லாத காசு" என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றுமில்லாத காசு இல்லை. அந்த வீட்டின் மொத்த ரொக்கம் எவ்வளவு என்று கதையே சொல்கிறது. தைத்துக் கொடுத்து அமீனா சம்பாதித்த எட்டணா இருந்தது, அதாவது 32 பைசா. ஈதுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பால்காரி வந்து நின்றதும் அதில் பெரும்பகுதி போயிற்று. மிச்சம் 2 அணா, அதாவது 8 பைசா. அதில் 5 அமீனாவின் சுருக்குப்பையில், 3 ஹமீதின் பாக்கெட்டில்.

எட்டில் மூன்று! பண்டிகைக்குச் சேமியா காய்ச்ச வேண்டும், வாசலுக்கு வரும் வண்ணாத்தி, வளையல்காரி எல்லாருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். அத்தனைக்கும் 5 வைத்துக்கொண்டு 3-ஐப் பேரனிடம் கொடுத்து அனுப்பியவள் அமீனா. 'கதையில் யார் போற்றத்தக்கவர்?' என்று கேள்வியைக் கொஞ்சம் அகட்டிவிட்டால் பாதிப் பேர் பேனாவை மாற்றிப் பிடிப்பார்கள்.

இன்னொரு கூட்டல். ராட்டினம் 1, பொம்மை 2. மொத்தம் 3. ஹமீத் ஒரு சுற்றும் சுற்றி ஒரு பொம்மையும் வாங்கியிருக்கலாம், காசு சரியாகக் கணக்குத் தீர்ந்திருக்கும். பிரேம்சந்த் அந்த எண்களைச் சும்மா போடவில்லை. அவனால் முடியாது என்பதால் அவன் விடவில்லை, முடிந்ததை விட்டான். இடுக்கியின் விலை அவனுக்கு ஒரு முழு ஈத். மோஹ்சினிடம் 15 பைசா, மஹ்மூதிடம் 12. அவர்கள் யாராவது 3 பைசாவுக்கு இடுக்கி வாங்கியிருந்தால் இந்த இழையே இருக்காது.

ஆற்றுமணல்:

எல்லாரும் தராசோடு வந்துவிட்டீர்கள். நான் தராசையே கேள்வி கேட்கிறேன்.

நாலு வயதுக் குழந்தை பண்டிகை நாளில் அடுப்படிச் சாமான் வாங்கிவருவது கொண்டாட வேண்டிய விஷயமா? அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒரு பொம்மை. அது கிடைக்காமல் போனதை "என்ன பக்குவம், என்ன விவேகம்" என்று புகழ்வது யாருக்கு வசதி? எதுவும் கேட்காத ஏழைப் பிள்ளையை எல்லாருக்கும் பிடிக்கும். மிட்டாய் வேண்டும் என்று அழுது புரளும் ஏழைப் பிள்ளையை யாரும் பாடநூலில் சேர்ப்பதில்லை. ஹமீதைப் போற்றும் ஒவ்வொரு கட்டுரையும் அந்த இன்னொரு பிள்ளையை ஓசையில்லாமல் திட்டுகிறது.

அமீனாவின் முதல் கோபத்தை ஏன் எல்லாரும் தாண்டி ஓடுகிறீர்கள்? மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிடவில்லை, குடிக்கவில்லை, இது என்ன புத்தியில்லாத பிள்ளை என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறாளே, அதுதான் கதையில் மிகச் சரியான தீர்ப்பு என்பேன். காசு கொடுத்தது அவன் சந்தோஷத்துக்கு. அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மேகலை_ப:

ஆற்றுமணல் அண்ணே, கோபம் நியாயம். ஆனால் இரண்டு கேள்வியை ஒன்றாகக் குழைக்கிறீர்கள். அந்த நிலைமை இருக்கலாமா என்பது ஒன்று. அந்த நிலைமைக்குள் நின்று இந்தப் பையன் செய்தது எப்படி என்பது இன்னொன்று. முதலாவதற்கு "கூடாது" என்று சொல்லிவிட்டு இரண்டாவதற்கு "நன்று" என்று சொல்லத் தடை இல்லையே.

தாழ்வாரம்:

ஆற்றுமணலின் கேள்விக்குள்ளேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஹமீத் பொம்மை வாங்கியிருந்தால் அவனைக் குறை சொல்வோமா? மாட்டோம். நாலு வயசுப் பிள்ளை, ஈத், அவன் காசு. அப்படியானால் இடுக்கி வாங்குவது அவன் கடமை இல்லை. கடமையாக இருந்தால் செய்ததற்குப் பெரிய புகழ் கிடையாது, செய்யாவிட்டால் திட்டு உண்டு, அவ்வளவுதான். செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாத இடத்தில் செய்தான் பாருங்கள், போற்றுதல் என்ற சொல்லுக்கு இடம் அங்கேதான்.

இதே சோதனை மோஹ்சினையும் காப்பாற்றும். அவன் பொம்மை வாங்கியது தப்பே இல்லை. ஹமீதை உயர்த்த அவனைத் தாழ்த்தத் தேவையில்லை. 'மற்ற சிறுவர்கள் சுயநலமிகள், ஹமீத் மட்டும்...' என்று ஆரம்பிக்கும் பதில் அங்கேயே கெட்டுவிடுகிறது. மோஹ்சினிடம் குறை உண்டு, அது பொம்மையில் இல்லை. ரேவடி மிட்டாயை நீட்டி, ஹமீத் கை நீட்டியதும் தன் வாயில் போட்டுக்கொண்டானே, அது குறை. அதற்குக் கைதட்டிச் சிரித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

பழுப்புத்தாள்:

மோஹ்சினைத் தாழ்த்துவதில் கதாசிரியருக்கும் பங்கு உண்டு, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். கடைசிப் பகுதியில் பொம்மைகளுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மோஹ்சினின் தண்ணீர்ப்பை சுமக்கும் பிஸ்தியைத் தங்கை பிடுங்கித் துள்ளியதில் விழுந்து உடைகிறது. அண்ணன் தங்கை சண்டை, அம்மா இருவருக்கும் ரெண்டு வைக்கிறாள். நூரேயின் வக்கீல் சுவரில் ஆணி அடித்து, பலகை வைத்து, காகிதக் கம்பளம் விரித்துக் கொலுவிருக்கிறார். விசிறி வீசப்போய் அவரும் காலி. மஹ்மூதின் போலீஸ்காரருக்குக் கால் ஒடிகிறது, அத்திப்பால் வைத்து ஒட்டினால் ஒட்டவில்லை, கடைசியில் எடைக்கல்லாகப் பயன்படுகிறார்.

படிக்கச் சிரிப்பாக இருக்கும், அருமையான பகுதி. ஆனால் இது ஆசிரியர் தராசுத் தட்டில் விரல் வைக்கும் இடமும்கூட. பொம்மைகள் ஒரே நாளில் உடையாமல் ஒரு வருஷம் இருந்திருந்தால் இடுக்கி வாங்கியது கொஞ்சம் குறைந்த செயலாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் 'பொம்மைகள் உடைந்தன, இடுக்கி நிலைத்தது, ஆகவே ஹமீதின் தேர்வே சிறந்தது' என்ற வாதத்தைத் தீர்ப்பில் சேர்க்கக் கூடாது. அது சாமான் வாங்கும் சாமர்த்தியத்துக்கான சான்று, குணத்துக்கான சான்று இல்லை. விவாதங்களில் அடிக்கடி வரும் இரண்டாவது பிழை இது.

கூழாங்கல்:

விலையும் வரிசையும் தெளிவாகிவிட்டன. நோக்கம்? இடுக்கியைக் கையில் எடுத்ததும் அவன் மனத்தில் ஓடுவதெல்லாம் தூய அன்பு இல்லையே. பாட்டி ஓடிவந்து வாங்குவாள், ஆயிரம் துஆ (ஆசி) கொடுப்பாள், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காட்டுவாள், ஊரே பேசும் என்று கனவு காண்கிறான். புகழுக்காகச் செய்தது என்று ஒருவர் சொன்னால்?

மேகலை_ப:

சொல்லட்டும், அந்த வரிகளை ஒளிக்க வேண்டாம். இன்னும் மோசமானதும் இருக்கிறது. மிட்டாய் தின்கிற பையன்களுக்கு வாய் அழுகும், சொறி சிரங்கு வரும், நாக்கு ருசி கண்டு வீட்டில் திருடுவார்கள், அடி வாங்குவார்கள் என்று மனத்துக்குள் கருவுகிறான். அப்பா இறந்ததைச் சொல்லாமல், அவர் நிறையப் பணத்தோடு வருவார் என்று பாட்டி சொல்லிவைத்திருக்கிறாள், அப்போது கூடைகூடையாகப் பொம்மை கொடுத்து, நண்பர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்கிறான். முழுக்கப் புண்பட்ட பையனின் பேச்சு.

நோக்கத்தை எடைபோடும்போது நான் பார்ப்பது எது முதலில் வந்தது என்பதை. கடைக்குமுன் நின்றவுடன் வருவது விரல் சுடும் நினைவு. பாட்டியிடம் இடுக்கி இல்லை, தவாவிலிருந்து ரொட்டி எடுக்கும்போதெல்லாம் கை சுட்டுக்கொள்கிறாள். துஆ, ஊர்ப்பேச்சு எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வருகின்றன. புகழுக்கு ஆசைப்படுகிறவன் முதலில் புகழைத் தேடி, அதற்கு ஏற்ற பொருளைத் தேடுவான். இவனுக்குப் பொருள் முதலில், புகழ் பிறகு.

அதைவிட வலுவான சான்று வீட்டில் இருக்கிறது. எதிர்பார்த்த துஆ வரவில்லை, திட்டு வருகிறது. புகழுக்காகச் செய்திருந்தால் அந்த இடத்தில் கோபமோ ஏமாற்றமோ வரவேண்டும். அவனோ தப்புச் செய்தவன் குரலில், உன் விரல் தவாவில் சுட்டதே, அதனால் வாங்கினேன் என்கிறான். கனவு கலைந்த பிறகும் கையில் மிஞ்சிய காரணம் அது ஒன்றுதான். கட்டுரைக்கு ஒரே ஒரு வரியை மேற்கோள் காட்டலாம் என்றால் பிரபலமான கடைசி வரிகளை விட்டுவிட்டு இதைக் காட்டுங்கள்.

ஆற்றுமணல்:

அந்தக் குற்றவாளிக் குரல்தான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பரவாயில்லை, வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், பாதி.

மீதிப் பாதிக்கு ஓர் ஒப்பீடு. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'வான்கா' (1886) சிறுகதை. ஒன்பது வயது வான்கா ஜுகோவ், மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவனிடம் வேலை கற்க விடப்பட்டவன். அடி, பசி, தூக்கமில்லாத இரவு. கிறிஸ்துமஸ் முந்தின இரவு, வீட்டார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான், என்னைக் கூட்டிப்போ என்று. முந்தின நாள் ஒரு கோபெக் (ரஷ்யச் சில்லறைக் காசு) கொடுத்து உறை வாங்கி வைத்திருக்கிறான். முகவரி: 'கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு'. யோசித்து, பெயரையும் சேர்க்கிறான். ஊர்ப் பெயர் இல்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

அங்கே ஒரு கோபெக், இங்கே மூன்று பைசா. வான்கா செலவழித்தது தனக்காக. அவனைப் 'போற்றத்தக்கவன்' என்று யாரும் சொல்வதில்லை, 'பாவம்' என்கிறார்கள். என் கேள்வி: பிறருக்குக் கொடுக்கும் ஏழைப் பிள்ளைக்குப் புகழ், தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கும் ஏழைப் பிள்ளைக்கு இரக்கம். இந்தப் பங்கீடு சரியா?

தாழ்வாரம்:

நல்ல ஜோடி. இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால் இரக்கமும் போற்றுதலும் எங்கே பிரிகின்றன என்று துல்லியமாகத் தெரிகிறது. வான்காவுக்கு நேர்ந்தவை நம்மை உருக்குகின்றன. இரக்கம் நேர்ந்ததன்மேல் வருவது. போற்றுதலுக்குச் செய்தது வேண்டும், செய்யாமல் விடும் வழியும் திறந்திருக்க வேண்டும். வான்காவுக்குத் திறந்திருந்தது ஒரே கதவு, அதுவும் போலிக் கதவு.

ஆனால் வான்காவிடம் போற்ற ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். எசமான் வந்துவிடுவானோ என்று கதவைப் பார்த்துப் பார்த்து, துருப்பிடித்த நிப்போடு, கசங்கிய தாளில் ஒரு முழுக் கடிதம் எழுதி முடிக்கிறான். அது துணிச்சல். தனக்காகக் காட்டிய துணிச்சலும் துணிச்சல்தான். ஆகவே உங்கள் பங்கீட்டுக் குறை நியாயமானது. போற்றுதல் என்றாலே பிறருக்குக் கொடுப்பது மட்டும் என்று சுருக்குகிறோம். ஹமீதைக் குறைப்பதற்குப் பதில் வான்காவைக் கூட்டுங்கள்.

பழுப்புத்தாள்:

வயதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாலைந்து வயதுப் பையன் பேரம் பேசுவானா? பொம்மையா இடுக்கியா என்ற வாதத்தில் மற்ற பையன்களை மண்ணைக் கவ்வவைப்பானா? பிரேம்சந்துக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் கடைசியில் குழந்தை ஹமீத் கிழவன் ஹமீதாக வேடம் கட்டியதாகவும், கிழவி அமீனா சிறுமி ஆகிவிட்டதாகவும் எழுதுகிறார். பையனுக்குள் பெரியவர் ஒருவரை வைத்துவிட்டுப் பையனைப் புகழ்ந்தால், புகழ் யாருக்குப் போய்ச் சேரும்?

மேகலை_ப:

பேரம் பேசும் இடத்தை இன்னொரு தடவை படியுங்கள், அங்கே குழந்தைதான் நிற்கிறது. கடைக்காரர் இது உனக்கு ஆகிற சாமான் இல்லை என்கிறார். விற்கிறதா இல்லையா என்று கேட்கிறான். 6 பைசா என்றதும் முகம் விழுகிறது. சரியாகச் சொல்லுங்கள் என்கிறான். 5, எடுத்தால் எடு, இல்லையென்றால் நடையைக் கட்டு. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு 3-க்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, திட்டு விழும் என்ற பயத்தில் பதிலுக்குக் காத்திராமல் முன்னால் நடந்துவிடுகிறான். கடைக்காரர் திட்டவில்லை, கூப்பிட்டுக் கொடுக்கிறார். தேர்ந்த பேரக்காரர் நகர்ந்து போவது விலையிறக்க. இவன் நகர்ந்தது பயந்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

வாங்கிய உடனே செய்வதும் அதே மாதிரி: துப்பாக்கி மாதிரித் தோளில் சார்த்திக்கொண்டு விறைப்பாக நடக்கிறான். அடுப்படிச் சாமானைப் பொம்மையாக்கிவிட்டான். ஆற்றுமணல் அண்ணன் சொன்னாரே, பிள்ளைக்கு ஒரு பொம்மை கிடைத்திருக்க வேண்டும் என்று. அவனே அதற்கு ஏற்பாடு செய்துகொண்டான்.

வாதத்தில் ஜெயிப்பது மிகை, ஒப்புக்கொள்கிறேன். என் இடுக்கி சிங்கம், ருஸ்தம் மாதிரி மாவீரன், உங்கள் வக்கீலைக் கீழே தள்ளிச் சட்டத்தையே வயிற்றில் செருகும் என்று அளக்கிறான். அர்த்தமே இல்லாத வாதம், அதனாலேயே எல்லாரும் வாயடைத்துப் போகிறார்கள். பிள்ளைகள் சண்டையில் ஜெயிப்பது அப்படித்தான். ஆனால் கவனியுங்கள், அவன் தன் பொருளை உயர்த்தப் பிறர் பொருளைக் கீழ்மைப்படுத்துகிறான். இதைக் குறை என்றே எழுத வேண்டும்.

தாழ்வாரம்:

எழுதுங்கள், ஆனால் அடுத்த பத்தியையும் சேர்த்து எழுதுங்கள். தோற்றவர்கள் சமாதானத்துக்கு வந்து பொம்மைகளை ஒருமுறை அவன் கையில் தருகிறார்கள். காலையில் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைக்காத பொம்மைகள். அப்போது ஹமீத், உங்களைச் சும்மா சீண்டினேன், இந்த இரும்பு இடுக்கி எங்கே, இந்தப் பொம்மைகள் எங்கே என்கிறான்.

என் கணக்கில் கதையின் மிக உயர்ந்த இடம் இதுதான், இடுக்கி வாங்கியதைவிட. பாட்டிக்குக் கொடுப்பதில் அன்பு துணைக்கு வரும். இங்கே அவனுக்கு எதிரில் நிற்பது காலையில் ரேவடியைக் காட்டி ஏமாற்றியவர்கள். முழு வெற்றி கையில் இருக்கிறது, மூக்கை உடைக்கலாம். தன் வாதத்தைத் தானே கலைத்து அவர்கள் முகத்தைக் காப்பாற்றுகிறான். இதற்கு அவனுக்குத் துஆவும் கிடையாது, ஊர்ப்புகழும் கிடையாது. பிரேம்சந்த் இதற்கு ஒரு பாராட்டுச் சொல்கூடச் செலவழிக்கவில்லை, அமீனாவுக்கு இது தெரியவும் தெரியாது.

ஆசிரியர் எங்கே புகழ்கிறாரோ அங்கே கொஞ்சம் சந்தேகமாகவும், எங்கே சும்மா கடந்துபோகிறாரோ அங்கே கொஞ்சம் மெதுவாகவும் படிப்பது இந்த மாதிரித் தீர்ப்புகளுக்கு நல்ல வழக்கம்.

ஆற்றுமணல்:

அது சுருக்கப் பதிப்புகளில் இல்லாத இடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறுவர் பதிப்புகளில் வாதமே வெட்டுப்படுவதுண்டு. கருவுதல், பீற்றல், சமாதானம் எல்லாம் போய், இடுக்கி வாங்கும் சின்னப் புனிதர் மட்டும் மிஞ்சுகிறார். என் எரிச்சலில் பாதி அந்தப் புனிதர்மேல்தான் என்று இப்போது தோன்றுகிறது. முழுக் கதைப் பையன்மேல் எரிச்சல்பட முடியவில்லை. நிலைமை பற்றி முதலில் சொன்னதில் மாற்றமில்லை.

மேகலை_ப:

ஒரு சந்தேகம் பாக்கி. கடைசி வாக்கியப்படி, பாட்டி ஏன் அழுகிறாள் என்ற ரகசியம் ஹமீதுக்குப் புரியவில்லை. தான் செய்ததன் அளவே தெரியாதவனைப் போற்றலாமா?

தாழ்வாரம்:

அவனுக்குத் தெரியாதது பாட்டியின் அழுகைக்கான காரணம். விரல் சுடுகிறது, இடுக்கி இருந்தால் சுடாது, காசு தீர்ந்துவிடும்: இந்த மூன்றும் தெரியும். செயலுக்கு இந்த அறிவு போதும். தான் ஒரு தியாகம் செய்கிறோம் என்ற எண்ணமும் கூடவே இருந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும், இவ்வளவு பிடித்திருக்காது.

நிழற்குடை_11:

பரீட்சைக்கு இதே கேள்வி. 150 வார்த்தைக்குள் எழுத வேண்டும் என்றால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? இழை முழுவதும் படித்தேன், கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது.

பழுப்புத்தாள்:

தம்பி/தங்கை, முதல் வாக்கியத்திலேயே எந்தச் செயலுக்காக என்று சொல்லிவிடுங்கள்: 'இரும்புக்கடையில் தன்னிடமிருந்த 3 பைசாவையும் பாட்டியின் விரலுக்காகக் கொடுத்தான்.' 'ஏழை', 'அநாதை' என்று ஆரம்பித்தால் பதில் இரக்கத்தின் பக்கம் சாய்ந்துவிடும். வறுமை இரண்டாவது வாக்கியத்தில், விலையாக வரட்டும்: அதே காசில் ஒரு ராட்டினச் சுற்றும் ஒரு பொம்மையும் கிடைத்திருக்கும். பிறகு நோக்கம், இரண்டு பக்கமும்: விரல் சுடும் நினைவு முதலில், புகழ்க் கனவு பின்னால், திட்டு விழுந்தபோது மிஞ்சியது முதலாவது. இதற்கு 60, 70 வார்த்தை போகும். அடுத்து ஒரு குறை, கட்டாயம் ஒன்று. கருவியதோ பீற்றியதோ, ஏதாவது ஒன்று. உடனே சமாதான வரி. அதன் பிறகு உங்கள் தீர்ப்பு. 'இல்லை' என்று எழுதினாலும் தப்பில்லை, ஆற்றுமணல் சொன்ன அமீனாவின் கோபத்தைச் சான்றாக வைத்து எழுதலாம்.

விட வேண்டியவை: பொம்மைகள் உடைந்தது, மற்ற பையன்களைத் திட்டுவது, 'இக்காலக் குழந்தைகள்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும்.

நிழற்குடை_11:

நன்றி. கையில் இருக்கும் புத்தகம் முழுக்கதையா சுருக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாழ்வாரம்:

மூன்று இடம் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மஹ்மூத் தன் வாழைப்பழத்தை ஹமீதுக்கு மட்டும் பங்கு கொடுக்கிறானா? போலீஸ்காரரின் காலை அத்திப்பால் வைத்து ஒட்டப் பார்க்கிறார்களா? 'சும்மா சீண்டினேன்' என்ற பேச்சு இருக்கிறதா? மூன்றும் இருந்தால் முழுக்கதை. வாழைப்பழம் இல்லாத பிரதியில் அமீனா 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று சொல்வது அப்படியே உண்மையாகிவிடும். முழுக்கதையில் அவளுக்குத் தெரியாமல் பையன் வயிற்றில் வாழைப்பழம் இருக்கிறது.